இடது குதிகாலும் வலது புருவமும்

கட்டுகஸ்தோட்டையில் எனக்குக் கிடைத்த முதல் சொல் ‘சப்பாத்து’. கல்யாணத்துக்கென்று மதுரையில் வாங்கிய புது ஷூவோடு வாசலில் நின்றேன். ஜெசிந்தா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அண்ணே, சப்பாத்து புதுசுங்களா? கடிக்குமே” என்றாள். செருப்புக் கடிப்பது எங்கள் ஊரிலும் உள்ளதுதான். ஆனால் சப்பாத்து கடிக்கும் என்றதும் ஏதோ பெரிய பிராணியைக் காலில் கட்டிக்கொண்டு வந்துவிட்டதுபோல் இருந்தது.

ஜெசிந்தா என் மச்சினன் அருள்நாதனின் மனைவி. அருள் என் மனைவிக்குச் சித்தப்பா மகன். அந்தக் குடும்பத்தில் பாதி மதுரைக்கு வந்துவிட்டது, பாதி கண்டியிலேயே தங்கிவிட்டது. அருளின் மகள் நிரோஷாவுக்கு மாதா கோயிலில் கல்யாணம். என் மனைவிக்கு முழங்கால் மடங்காததால் குடும்பத்தின் சார்பில் நான் மட்டும் போயிருந்தேன். அருள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு, காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. அந்த வேன்தான் வீட்டின் சோறு, கல்யாணத்தின் பந்தி, எல்லாமே.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு எழுத்து இடம் மாறியிருந்தால் எனக்கு உடம்பு அரிக்கும். அன்று சாயங்காலம் பாலத்தடியில் நடக்கப் போனபோது ஓர் இரும்புச் சாமான் கடையின் சுவரில் சிங்களத்தில் ஒரு வரியும் அதன் கீழே தமிழில் ஒரு வரியும் எழுதியிருந்தார்கள். தமிழ் வரி இது: ‘இங்கு வானகம் நிறுத்த வேண்டாம்.’ வாகனத்தை எவனோ சொர்க்கமாக்கிவிட்டான். மகாவலி ஆறு அதுபாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது, நான் தனியாக நின்று சிரித்தேன். போவதற்குள் கடைக்காரரிடம் நயமாகச் சொல்லித் திருத்த வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டுச் சந்தடியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாடு பாணும் பருப்பும், மிளகாயை இடித்துச் செய்த கட்டசம்பலும். பாண் என்பது நம் ரொட்டி. நம்மிடம் காய்ச்சல்காரனின் ஆகாரம், இங்கே அது ராஜா. கட்டசம்பல் நாக்கில் பட்டதும் என் கண்ணில் நீர் வந்தது. எதிரே அருளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். “உங்க ஊர் சம்பல் உன்னையே அழவைக்குதா மாப்ள?” என்றேன். “இல்ல அத்தான், காலைலேருந்து இந்தப் பக்கம் ஒரு எரிச்சல்” என்று வலது புருவத்தைக் காட்டினான். அங்கே ஒன்றுமில்லை.

மறுநாள் ஹந்தானை மலைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். தேயிலையைத் தூளாக மட்டும் அறிந்தவன் நான். வேனை அடிவாரத்தில் விட்டுவிட்டு தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளைத் தாண்டி நடந்தோம். பனியில் நனைந்த புல், வழுக்கும் கல், நடுவில் அட்டைகள். அட்டை ஏறாமலிருக்க அருள் என் காலுறையில் சவுக்காரத்தைத் தேய்த்துவிட்டான். சவுக்காரம் என்றால் சோப்பு. காலுறைக்கு இங்கே ‘மேஸ்’. அட்டை என்னைத் தொடவில்லை. ஆனால் ஈரமான மேஸும் புதுச் சப்பாத்தும் உள்ளே வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தன, எனக்குத் தெரியவில்லை.

மேலே காற்று அடித்தபோது அருள் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டான். “காத்துப் பட்டாக்கூட நோவுது அத்தான். சீப்பு வெச்சுத் தலை சீவ முடியல.” கல்யாணக் கவலையில் வந்த தலைவலி என்று இரண்டு பேருமே முடிவுகட்டினோம். பெண்ணைப் பெற்றவனுக்கு எந்த நோவு வந்தாலும் கவலைக் கணக்கில் எழுதிவிடுவது இரண்டு கரையிலும் வழக்கம்தான்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் இடது மேஸ் நனைந்திருந்தது. குதிகாலில் கண்ணாடிக் கோலிபோல ஒரு கொப்புளம். ஓரத்தில் லேசாகக் கசிந்தது, வலியே இல்லை. வலியில்லாததால் பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன்.

காட்டினால் சும்மா விடுவார்களா? கொப்புளத்துக்கு வைத்தியம் சொல்லாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக் குத்தி, நூலை உள்ளேயே விடச் சொன்னாள் ஜெசிந்தா, நீர் நூல்வழியே வடிந்துவிடுமாம். பந்திக்கு மேசையும், கதிரை என்கிற நாற்காலியும் இறக்க வந்த ஆட்டோக்காரர் பற்பசை என்றார். மதுரையிலிருந்து மனைவி தொலைபேசியில் தேங்காயெண்ணெய் என்றாள். எனக்கு ஊசி என்றாலே கைகால் நடுங்கும். அந்தப் பயத்தினால் எதையும் செய்யாமல், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அருளின் புருவத்துக்கு மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக எழும்பியிருந்தன. ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். “சிலந்தி மூத்திரம் பேஞ்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிச் சந்தனம் அரைத்துப் போட்டாள். படுத்திருக்கும்போது சிலந்தி மேலே ஊர்ந்து மூத்திரம் பெய்தால் கொப்புளம் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கையும்தான். கடல் தாண்டியும் சிலந்திகளுக்கு அந்தக் கெட்ட பெயர் போகவில்லை.

பிறகு என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டாள். “அண்ணே, யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க. கொப்புளிப்பான்னு பேரு கெளம்பிச்சுன்னா ஒருத்தரும் கோயிலுக்கு வர மாட்டாங்க. மாப்பிள வீட்டுல தேதியத் தள்ளச் சொல்லுவாங்க.”

கொப்புளிப்பான்! எனக்குப் புதுச் சொல். சின்னம்மையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நாங்கள் அம்மை என்று தாயாக்கிக் கும்பிடுவதை இவர்கள் கொப்புளிக்கிறவன் என்று ஆளாக்கியிருக்கிறார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அந்தச் சொல்லை ருசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்று வத்தேகமவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அழைப்புச் சொல்லப் போகவேண்டியிருந்தது. வேனை வெளியே எடுத்த அருள் திரும்ப நிறுத்திவிட்டு, “பஸ்ஸில போவோம் அத்தான்” என்றான். ஏன் என்றேன். “வெயில் கண்ணுல குத்துது” என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டான். வேன்காரன் பஸ்ஸில் போவது சமையல்காரன் ஹோட்டலில் சாப்பிடுவதுபோல. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

பஸ் ஏற்றத்தில் மூச்சுவாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ கத்த, பயணிகள் சிரித்தார்கள். அருள் மொழிபெயர்த்தான்: “பஸ்ஸுக்கும் தேத்தண்ணி வேணுமாம், நீங்களும் போய்க் குடிங்க என்கிறான்.” அப்படியே நடந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர், எங்களுக்கு பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டீயும் மாலுபாணும். முக்கோண பன்னுக்குள் மீனும் உருளைக்கிழங்கும், நல்ல காரம். எங்கள் ஊரில் பஸ் நின்றால் சண்டை வரும், இங்கே சாப்பாடு வந்தது.

வத்தேகம வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதன் தாய், “பெரியப்பாகிட்டப் போ” என்று அருளை நோக்கி நீட்டினாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தூக்கி ஏற்றி இறக்குகிறவன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு எட்டுப் பின்வாங்கினான். “தூசியில வந்திருக்கேம்மா, அப்புறம் தூக்குறேன்.” சிலந்தி மூத்திரம் என்று அவன் நம்பவில்லை என்பது எனக்கு அந்த இடத்தில் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பார்த்தேன், மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம். கண் சிவந்திருந்தது. அன்று ராத்திரி மனைவியிடம் போனில் மெதுவாக விவரம் சொன்னேன். அவள் யோசிக்கவேயில்லை. “ஒரு பக்கமா மட்டும் வந்திருக்கா? எரியுதா? அப்ப அது அக்கிங்க. அங்க குயவர் யாரும் இல்லையா, காவியில சிங்கம் எழுதிவிட?” எங்கள் பக்கத்தில் அக்கிக்கு மண்பாண்டம் செய்கிறவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார். எழுத்தினால் குணமாகும் ஒரே நோய் என்று எனக்கு அதன்மேல் தொழில்முறைப் பிரியம் உண்டு. ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் காவியா? பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் அருளைக் கூப்பிட்டேன். “டாக்டரைப் பார்க்கலாம் மாப்ள.” “கல்யாணம் முடியட்டும் அத்தான். டிஸ்பென்சரில எல்லாம் தெரிஞ்ச ஆளுக. என்னாத்துக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்றது?” குதிகாலைத் தூக்கிக் காட்டினேன். “எனக்குன்னு சொல்லு. விருந்தாளியக் கூட்டிட்டு வந்ததா இருக்கட்டும்.” அப்படியாக நான் நோயாளி, அவன் துணை.

டொக்டர் ஒரு முஸ்லிம் பெண்மணி. முக்காட்டுக்குள் களைத்த முகம், சுறுசுறுப்பான கண். என் காலைப் பார்த்துக்கொண்டே, “சீனி ஈக்கா?” என்று கேட்டார்.

“டீயிலயா டாக்டர்? பாதி போதும்” என்றேன்.

அருள் சிரித்துவிட்டான். “சுகர் இருக்கான்னு கேக்குறாங்க அத்தான்.” சர்க்கரை வியாதி இருக்கிறது, மாத்திரையும் சாப்பிடுகிறேன், அதை மறப்பதும் உண்டு என்றேன். டொக்டர் சிரிக்கவில்லை.

“நோவு எப்ப தொடங்கின?”

“நோவே இல்லை.”

“அதுதான் எனக்குப் பிடிக்கல்ல. கண்ண மூடுங்க. தொடுற நேரம் சொல்லுங்க.” பஞ்சால் பாதத்தில் இங்குமங்கும் தொட்டார். சில இடங்களில் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது பஞ்சு என் குதிகாலில் இருந்தது. அது எப்போது அங்கே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பயணத்தில் முதல்முறையாக வேடிக்கை எல்லாம் வடிந்து போயிற்று.

“இத குத்தாம விட்டது நல்லம்” என்றார் துடைத்துக்கொண்டே. “அந்தத் தோல்தான் காயத்துக்கு மூடி. தானா ஒடஞ்சா சவுக்காரம் போட்டுக் கழுவி, சுத்தமாக் கட்டுங்க. சப்பாத்து கடிச்ச கொப்புளம் மத்தவங்களுக்கு தானா ஆறிடும். சிவப்பு பரவினா, சீழ் வெச்சா, காய்ச்சல் வந்தா உடனே வரணும். சீனி உள்ளவங்க அதெல்லாம் வர முந்தியே வரணும். ஒங்கட கால் ஒங்களுக்குச் சொல்லாது. தினம் ராவைக்கு நீங்கதான் பாக்கணும்.” என் கோழைத்தனத்தை ஒரு டாக்டர் பாராட்டியது அன்றுதான்.

கட்டுப் போட்டு முடிந்ததும் அருள் பக்கம் திரும்பினார். “நீங்க கண்ணாடியக் கழட்டுங்க.”

“எனக்கு ஒண்ணுமில்ல டொக்டர். சிலந்தி மூத்திரம்.”

“கழட்டுங்க.”

கழற்றினான். டொக்டர் எழுந்து கிட்டே வந்தார். “சிலந்தி அடிமட்டத்தால கோடு கிழிச்சா மூத்திரம் பேயும்? நெத்தி நடுவத் தாண்டி ஒண்ணும் இல்ல பாருங்க. ஒரு பக்கம் மட்டும். கொப்புளம் வர முந்தியே நோவு வந்திச்சா?”

“முந்தியே வந்துச்சுங்க.”

“மூக்குல?”

“நேத்துப் பின்னேரம்.”

அவர் குரல் தாழ்ந்தது. “மூக்கு நுனிக்குப் போற நரம்புதான் கண்ணுக்குள்ளயும் போற. பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு இன்டைக்கே போகணும். கல்யாணத்துக்குப் பொறகு இல்ல. பகல் சாப்பாட்டுக்குப் பொறகும் இல்ல. இப்பவே. மாத்திரய இங்கயே தொடங்குங்க, பிந்தினா வேல செய்யாது.”

அருள் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டான். “கண்ணு போயிருமா டொக்டர்? நான் வேன் ஓட்டுறவன்.”

“போகாம இருக்கத்தான் அனுப்புறேன்.”

பிறகு கதவைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்: “இது கொப்புளிப்பான் இல்லையே?”

“சின்ன வயசுல வந்ததா?”

“வந்துச்சு. வேப்பிலையில படுக்க வெச்சாங்க.”

“அது அப்ப போகல்ல. நரம்புக்குள்ள தூங்கிட்டு ஈந்த. இப்ப முழிச்சிட்டு.” அக்கி என்று நான் குறுக்கே சொல்லிச் சிங்கத்தைப் பற்றியும் விளக்கினேன். டொக்டருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. “சிங்கம் பாவம், அத விடுங்க” என்றார். பிறகு அருளிடம், “மத்தவங்களுக்கு இதால அக்கி வராது. ஆனா கொப்புளிப்பான் வராதவங்களுக்கு இந்தத் தண்ணி பட்டா கொப்புளிப்பான் வரலாம். காஞ்சி பொருக்குத் தட்டும் வரைக்கும் மூடி வைங்க. புள்ளத்தாச்சி, கைக்குழந்த, ரெண்டும் கிட்ட வேணாம்.”

குழந்தையைத் தூக்காமல் விட்ட அந்தக் கைகளை அருள் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். என் கொப்புளம் வலிக்காததால் ஆபத்து, அவன் கொப்புளம் வருமுன்பே வலித்ததால் ஆபத்து. இரண்டு பேரும் வலியைத் தப்பாகப் படித்திருந்தோம்.

கண் கிளினிக்கில் வாங்கு என்கிற நீண்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு சிங்களக் கிழவர் தன் பொட்டலத்திலிருந்து அவித்த கடலையை எனக்குப் பாதி தந்தார். பேச மொழியில்லாததால் இருவரும் கடலையைப் பற்றித் தலையாட்டிக்கொண்டோம். கண் டொக்டர் அருளின் கண்ணில் சாயச்சொட்டு விட்டு விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். கருவிழியில் தொட்டிருக்கிறது, ஆழமாகப் போகவில்லை, சொட்டு மருந்து விடவேண்டும், திரும்பத் திரும்ப வந்து காட்டவேண்டும் என்றார். பார்வை தெளியும் என்று எதிர்பார்ப்பதாகவும், இப்போதே உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். “தினமும் நல்ல கண்ணை மூடிக்கொண்டு எதையாவது வாசித்துப் பாருங்கள். வேன் மட்டும் வேண்டாம்.” வாசலில் ஒரு தாதி இன்னொருத்தியிடம் ஏதோ சொன்னார். அருள் மொழிபெயர்த்தபோது குரல் உடைந்தது: “கல்யாணத்த வெச்சுக்கிட்டும் இந்த மனுசன் நேரத்தோட வந்துட்டான்னு சொல்லுது.”

வீட்டில் அவன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டர் முன்னால் நின்றான். “வெள்ளையாத் தெரியுது.” ஜெசிந்தா அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அன்று சாயங்காலம் அருள் போனை எடுத்துக் குடும்பத்துக்கெல்லாம் குரல்பதிவு அனுப்பினான். ஜெசிந்தா தடுக்கப் பார்த்தாள், நிரோஷாதான், “அப்பா சொல்லட்டும்மா” என்றாள். “நான் அருள் பேசுறேன். எனக்குக் கண்ணுக்கு மேல அக்கி வந்திருக்கு. மருந்து எடுக்குறேன். புள்ளத்தாச்சிகளும் கைக்குழந்த வெச்சிருக்கவங்களும் எங்கிட்ட வர வேணாம், கோயில்ல பின்னால இருங்க. மத்தவங்க எல்லாரும் கட்டாயம் வாங்க.” மாப்பிள்ளை வீட்டிலிருந்து முதலில் பதில் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கேட்டிருந்தார்: “சம்பந்தி, மருந்துக்குப் பத்தியம் உண்டா? சமையல்காரனுக்குச் சொல்லணும்.”

கல்யாணம் நடந்தது. கோயில் நிறைந்திருந்தது. வத்தேகமக் குழந்தை கடைசி வாங்கிலிருந்து அழுது தன் வருகையைத் தெரிவித்தது. கட்டுப்போட்ட நெற்றியோடு அருள் மகளை அழைத்து வந்தான். அவள் அவன் இடது பக்கம் நடந்தாள், அவனுக்கு அவள் தெரிய வேண்டுமே. நான் வெறும் செருப்போடு, கோட்டுக்குக் கீழே கட்டுப்போட்ட குதிகாலோடு நின்றேன். குடும்பத்தில் இப்படி இரண்டு லட்சணமான ஆண்கள்.

என் கால் ஆறும்வரை பயணத்தைத் தள்ளிப்போட்டேன். தினமும் ராத்திரி நான் என் பாதத்தைப் பார்ப்பேன், அவன் காலண்டரைப் பார்ப்பான். வெள்ளை சாம்பலானது. சாம்பலில் தேதிகள் கறுப்புப் புழுக்களாக நெளிந்தன. அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் புறப்பட்ட அன்று அவன் வேனைப் புது மருமகன் ஓட்டினான். அருள் முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தான். பாலத்தடி நெரிசலில் வேன் நின்றது. அவன் இடது கையால் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு வலக்கண்ணைச் சுருக்கினான். எதிரே அந்த இரும்புக்கடைச் சுவர்.

“இங்கு...” என்றான். பிள்ளைகள் எழுத்துக்கூட்டுவதுபோல் உதடு அசைந்தது. “வா... ன...” நிறுத்திவிட்டான். “இல்லையே.” மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். நான் பின்சீட்டில் மூச்சு விடாமல் இருந்தேன். வாகனம் என்று படித்தால் பழக்கத்தில் படிக்கிறான் என்று அர்த்தம்.

“அத்தான், இது என்னா இது? வா... ன... கம்... வானகம்னு போட்டிருக்கான்! எத்தன வருசமா இந்த வழியா ஓட்டுறேன், வாகனம்னுதானே நெனச்சுக்கிட்டு இருந்தேன்!”

அவன் சிரித்தான். மருமகன் சிரித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, எழுத்துகள் எனக்குத்தான் தெரியவில்லை.

“திருத்தச் சொல்லிறவா அத்தான்? கடைக்காரர் தெரிஞ்சவர்தான்.”

“வேண்டாம் மாப்ள” என்றேன். “அப்படியே இருக்கட்டும்.”